குள்ளர்களுக்குக் கிணறு வெட்டிய மாப்பிள்ளை

நான் சோம்பேறி இல்லை. இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, புனேயில் ஒரு கோடை முழுக்க நாயாக உழைத்தேன். உழைத்தது கம்ப்யூட்டருக்குள் இருந்த குள்ளர்களுக்காக, அவ்வளவுதான்.

அது கோட்டை கட்டும் விளையாட்டு. மலையைக் குடைந்து குள்ளர்களைக் குடிவைத்துக் காப்பாற்ற வேண்டும். (திரையில் வெறும் எழுத்தும் புள்ளியும்தான். அதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன், கர்மம்.) என் மலையில் ஆறு கிடையாது, குளமும் வற்றிவிட்டது. உலைக்குக் கரி சுட மரமும் தீர்ந்தது. கிணறு வெட்டுவதா, எரிமலைக் குழம்பை உலைக்குத் திருப்புவதா என்று யோசித்தே களைத்துப்போனேன்.

வீட்டில் மனைவி சுமதி ஐந்து மாதக் கர்ப்பம். எட்டாம் மாதம் வரை வேலைக்குப் போவேன் என்று பிடிவாதமாக இருந்தாள். ஔந்த் பகுதியில் இருந்த எங்கள் ஃபிளாட்டில் குடித்தனம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து அவள் அப்பா வந்தார். சரியில்லை என்றால் மகளைக் கையோடு கூட்டிப்போய்விடுவார்.

அவரை அழைத்துவர அவளே விடியற்காலையில் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். (எனக்கு ஆபீஸ் கால் இருந்ததாம். நான்தான் சொன்னேன்.)

"ரெண்டே வேலைங்க. ஆறு மணிக்குத் தண்ணி வரும், ட்ரம்முல புடிச்சு வெச்சிருங்க. சிலிண்டர் வந்தா வாங்கிருங்க. அப்பா முன்னாடி மானத்தை வாங்கிராதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? போம்மா."

ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தேன். கிணற்றில் தண்ணீர் ஊறியபோது மணி ஒன்பதரை. கைதட்டித் திரும்பினால் வாசலில் சுமதி, மாமனார், பெட்டியோடு வாட்ச்மேன்.

"கேஸ்வாலா ஆயா தா சாப்! தீன் பார் பெல் பஜாயா!" என்றான் வாட்ச்மேன். மூன்று முறை மணி அடித்துப் பார்த்துவிட்டு சிலிண்டர்காரர் போயிருக்கிறார்.

மாமனார் கை கழுவக் குழாயைத் திறந்தார். காற்று வந்தது. காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள் சுமதி. ஒரு முறை எரிந்து அணைந்தது.

"இது என்ன வேலைங்க மாப்ள?" என்று திரையைக் காட்டினார் மாமனார்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "தண்ணிப் பிரச்சினை தீர்ந்துருச்சு மாமா! கிணத்துல ஊறிருச்சு. இனி கரியும் வேண்டாம், எரிமலைக் குழம்பே போதும்."

"யாருக்குங்க?"

"குள்ளர்களுக்கு."

மூன்றாம் நாள் மாமனார் மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார். "உங்களுக்கு விளையாட்டு. எனக்கு வேலை போச்சு," என்றாள் சுமதி ஜன்னலோரம் உட்கார்ந்து. அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

அதிலிருந்து நான்காவது மாதம் மாமனார் காலையில் போன் செய்தார்.

"பொறந்திருச்சுங்க மாப்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"என்ன குழந்தை மாமா?"

"சொல்றனுங்க. மொதல்ல போய்த் தண்ணி புடிச்சு வெச்சிட்டு வாங்க."

பெண் என்று எனக்குத் தெரிவதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து நல்ல செய்தி எதுவும் எனக்கு நேராக வருவதில்லை. போன மாதம் கல்லூரியில் இடம் கிடைத்ததைச் சொல்லக் கூப்பிட்ட மகளும், "அப்பா, தண்ணி புடிச்சாச்சா?" என்றுதான் ஆரம்பித்தாள்.