ரிக்கு ஸ்டாப்

ஒரு அடிகூடத் துளை போடாமல் திருச்செங்கோட்டில் ரிக்குக்காரர் என்று பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ரிக்கண்ணன்தான். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் நிறைந்த அந்த ஊரில் அவர் வைத்திருந்தது வாடகைப் பாத்திரக் கடை. கடைக்கு மேல் மாடியில் நான் குடியிருந்தேன்.

எந்த முடிவையும் சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. டீக்கடையில் கண்ணாடி கிளாஸை எடுத்துவிட்டுப் பேப்பர் கப் வைத்தபோது, "ஏனுங்க, தெனமும் குடிக்கறவன் நானு. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று மல்லுக்கு நின்றார்.

கடைக்காரர் சலித்துப்போய், "இப்பக் கேக்கறனுங்ணா. கப்பு வெக்கலாமா?" என்றார்.

"தாராளமா வெய்யுங்க!" என்று சொல்லிவிட்டு அதிலேயே குடித்தார். இவர் என்ன பிறவி என்று எனக்கு அன்றைக்குப் பிடித்த ஆச்சரியம் இன்னும் விடவில்லை.

ஒருநாள் எங்கள் தெரு முனையில் டவுன் பஸ் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். கூட்டம் போதவில்லையாம். அடி விழுந்தது பாப்பாத்தி அக்காவுக்கு. கீரைக் கூடையோடு சந்தைக்குப் போகிறவர். விந்தி விந்தித்தான் நடப்பார். மெயின் ரோடு வரை சுமந்து போவதற்குள் கீரை வாடிவிடும். "இனி யாவாரத்த உட்டற வேண்டீதுதான் சாமி" என்று உட்கார்ந்துவிட்டார்.

ரிக்கண்ணன் மனு கொடுத்தார். முடிவு எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. அவ்வளவுதான், வக்கீலைப் பிடித்தார். மறுவாரம் டீக்கடையில் அறிவித்தார்: "மெட்ராஸ்ல ரிட்டு போட்டிருக்கேனுங்க!"

எங்கள் ஊர்க் காதில் அது ரிக்கு என்றுதான் விழுந்தது.

"எத்தன அடீங்ணா?"

"அடியில்லீங்க, ஐகோர்ட்டு!"

"அங்க உப்புத் தண்ணிதானுங்ளே வரும்?"

அன்று ஒட்டிய பேர்தான்.

நான் மட்டும் தனியாகக் கேட்டேன்: "ஏனுங்ணா, பஸ்ஸை நிக்கச் சொல்லுவாங்களா?"

"அதில்லீங்க தம்பி. முடிவ மொறப்படி எடுத்தாங்களான்னு பெரிய கோர்ட்டு பாக்கும். மொற தப்புன்னா முடிவே செல்லாது."

அப்படியே ஆயிற்று. ரத்து உத்தரவு செல்லாது, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு மறுபடி முடிவெடுங்கள் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. இத்தனை ஆழம் போயும் தண்ணீர் வரவில்லையே என்று தெருவே உதட்டைப் பிதுக்கியது. அவரோ எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். "கேக்கச் சொல்லிட்டாங்க!"

பஸ் ஆபீஸில் வைத்த விசாரணைக்கு நானும் போனேன். அதிகாரி, "சொல்லுங்க" என்றார். யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆயுசெல்லாம் காத்திருந்த மனிதர் ஆயிற்றே, இன்றைக்கு யாரும் சாப்பிடப் போக முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் மொபெட்டுல போறவனுங்க. பஸ்ஸுக்கு நிக்கறவங்களக் கேளுங்க" என்று பாப்பாத்தி அக்காவை முன்னால் தள்ளிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா மிரண்டு போனார். "என்னையவா கேக்கறீங்க?" என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பஸ்தான் நின்றது, அடுத்த மாதத்திலிருந்து, எங்கள் தெரு முனையில்.

இப்போது கண்டக்டர்கள் "ரிக்கு ஸ்டாப் எறங்கு!" என்றுதான் கூவுகிறார்கள். "என்னையக் கேட்டா பேரு வெச்சீங்க?" என்று அவர் இன்னமும் ஒவ்வொரு கண்டக்டரோடும் சண்டை போடுகிறார்.

நான் சேலத்துக்குக் குடிவந்துவிட்டேன். கார் இருக்கிறது. ஆனாலும் அவரைப் பார்க்கப் போனால் பஸ்ஸில் வந்து திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்த டவுன் பஸ்ஸில்தான் ஏறுகிறேன். அவர் பேரை ஒருவர் உரக்கக் கூப்பிட, அத்தனை பேர் இறங்குவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிரியம்.