மீன் காதில் விழுந்த வார்த்தை

அன்பும் மரியாதையும் கலந்த ஹௌலானி அக்காவுக்கு, மொலோகாயிலிருந்து தம்பி கமுவேலா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். லாஸ் வேகாஸில் நீயும் அத்தானும் சுகமாக இருக்கவும், அங்குள்ள சூதாட்ட மெஷின்கள் உங்கள் மேல் இரக்கம் காட்டவும் வேண்டிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். பேத்தி கஹிவாவுக்கு மூன்று வயது முடியப்போகிறது. மருமகள் நோஹெயா வீட்டில் ஹவாய் மொழியைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நான் இங்கிலீஷில் கொஞ்சினால் குழந்தை என்னைத் தபால்காரரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். நம் அம்மா அந்த மொழியைப் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவள். பிள்ளைகளுக்கு அந்த வலி வேண்டாமென்று நமக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் அறுபத்துமூன்று வயதில் சபதம் எடுத்துவிட்டேன். தினம் ஒரு புது வார்த்தை, அதை அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லியாக வேண்டும். பேத்தி என்னோடு பேசாமல் நான் விடப்போவதில்லை.

புதன்கிழமை வரை குடை, கரண்டி, கோழி என்று ஒழுங்காகத்தான் போனது. வியாழக்கிழமை வந்த வார்த்தை 'லவாயியா', அதாவது மீன் பிடிப்பது. சனிக்கிழமை சித்தப்பா மகன் பிலாவின் படகில் கஹிவாவின் பிறந்தநாள் விருந்துக்கு மீன் பிடிக்கப் போவதாக இருந்தோம், இதைவிடப் பொருத்தமாக ஒரு வார்த்தை அமையுமா என்று பெட்ரோல் பங்கில் சொல்லி, ரொட்டிக்கடையில் சொல்லி, சர்ச் வாசலில் சொல்லி, கடைசியில் படகுத்துறைக்கே போய் பிலாவைப் பார்த்து, "சனிக்கிழமை லவாயியா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பிலா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டான்.

"ஏண்ணே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? மீனுக்குப் போறேன்னு எவனாச்சும் வாய்விட்டுச் சொல்வானா? மீனுக்குக் கேட்டுடும்ல! சும்மா சுத்திட்டு வரேன், ஹோலோஹோலோன்னு சொல்லணும். பொடிசுக்குக்கூடத் தெரியுமே!"

"தெரியும்டா. இங்கிலீஷ்ல சொன்னாத்தான் ஆகாதுன்னு நெனச்சேன்."

"இங்கிலீஷ்ல சொல்லியிருந்தாலாவது தப்பிச்சிருப்போம்ணே. இந்தக் கடல் மீனுக்குத் தாய்மொழியே ஹவாய்தான்!"

படகை எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டான். நானா அசருவேன்? சனிக்கிழமை தனியாகவே கரையில் நின்று வலை வீசினேன். மாட்டியது ஒரு செருப்பு, அதுவும் இடது கால் மட்டும்.

அகராதியில் வார்த்தை இருக்கிறது அக்கா, அதை எப்போது விழுங்க வேண்டும் என்பது இல்லை. அதற்காக அகராதியை மூடிவைக்கிற ஆள் நான் இல்லை. பிலாவின் கையைக் காலைப் பிடித்து, நாளைக் காலை ஒரே ஒரு தடவை படகெடுக்கச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் படகு பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போகிறது. அதுவரை என் வாய்க்குப் பூட்டு. எவர் கேட்டாலும் 'ஹோலோஹோலோ', அவ்வளவுதான். நீ கவலைப்படாமல் விருந்துக்கு வந்து சேர், கூடை கூடையாக மீன் இருக்கும்.

அத்தானுக்கு என் அன்பு. நம் முன்னோர்கள் உங்கள் விமானத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தம்பி,
கமுவேலா

பி.கு.: உறையை ஒட்டும்போது நோஹெயாவோடு கஹிவா வந்தாள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, தாத்தாவென்று கூப்பிட்டு, "டூடூ, நாளைக்கு எங்க போற?" என்று அவள் மொழியில் கேட்டாள். எனக்கு முழுசாகப் புரிந்தது அக்கா! அந்தச் சந்தோஷத்தில் உண்மையையே ஒரு பிழையுமில்லாமல் முழு வாக்கியமாகச் சொல்லித் தொலைத்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. தெருவெல்லாம் அதையே கத்திக்கொண்டு, அம்மாவைப் படகுத்துறைப் பக்கம் இழுத்துப் போகிறாள். வரும்போது டின் மீன் வாங்கி வா, நாலு டஜன்.