இடுப்பில் விட்ட துணி

என் உடம்பு பெருத்ததற்கு நான் காரணம் இல்லை. இதை நானாகச் சொல்லவில்லை. படித்துப் பட்டம் வாங்கி அதைச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு டாக்டர் சொன்னார். அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் காதில் வாங்கிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

"தொண்டையில பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. தைராய்டு. உங்களுக்கு அது மந்தமா வேலை பார்க்குது" என்றார்.

வெயிலில்கூட நான் ஸ்வெட்டர் போடுவது, எழுந்ததுமே களைப்பது, சொன்னதை மறப்பது, மெஷினில் உட்கார்ந்தால் கண் சொருகுவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பட்டாம்பூச்சிதான் காரணமாம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இத்தனை வருஷமாக வீட்டில் எனக்கு என்னென்ன பெயர்! சோம்பேறி, தூங்குமூஞ்சி, தின்னிப்பண்டாரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் திரும்பினேன்.

"கேட்டியா? நான் இல்ல. பட்டாம்பூச்சி."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏறின எடையில கொஞ்சம்தான் தைராய்டு. மீதி நீங்க. மாத்திரை உங்களை இளைக்க வைக்காது. குறையுற சுரப்பை ஈடுகட்டும், அவ்வளவுதான். காலையில வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. போட்டு ஒரு மணி நேரத்துக்குக் காபி வேண்டாம். நடங்க. வாயைக் கட்டுங்க."

இதுதான் நான் காதில் வாங்காத பாதி. என் மனைவி அதை ஒரு சொல் சிந்தாமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

நான் தையல்காரன். வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டுவது, தைப்பது நான். கொக்கி, பொத்தான், ஓரம் மடிப்பது அவள். கல்யாணமான புதிதில் மெஷின் ஓட்டவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே தைப்பாள். ஒரே ஒரு குறை. கத்தரிக்கோல் கையிலேயே இருந்தாலும் நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பாள். முனை வால் மாதிரித் தொங்கும். எத்தனை தடவை திட்டினாலும் அந்த வால் மட்டும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

"அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறதுக்குள்ள நீங்க இளைக்கணும். இல்லன்னா என் தம்பியை வரச்சொல்லி இங்கேயே தங்க வெச்சிடுவேன்."

என் மச்சான் ஜிம் மாஸ்டர். என்னை "வாங்க மாமா" என்று கட்டிப்பிடித்தால், விட்ட பிறகும் விலா வலிக்கும். விடியும்முன் எழுப்புவான். பச்சைக் காய்கறியை அப்படியே கடித்துச் சாப்பிடுவான். அடுத்தவரையும் சாப்பிட வைப்பான்.

"தம்பியெல்லாம் எதுக்கும்மா? நானே இளைச்சிடுறேன்."

"எதை வெச்சு நம்புறது?"

"எடை மெஷின் இருக்கே?"

"அதுல ஏறினா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கு அது வேண்டாம். உங்க சாம்பல் பேண்ட் இருக்கே, அதை ஞாயித்துக்கிழமை தோறும் போட்டுக்காட்டுங்க. இடுப்புக்கும் வயித்துக்கும் நடுவுல என் விரல் போகணும்."

அன்றைக்கே போட்டுப் பார்த்தோம். விரல் என்ன, நூல்கூடப் போகவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக் கொக்கியை மாட்டினேன். மூச்சை விட்டதும் கொக்கி ஜன்னல் பக்கமாகப் பறந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கு யோசனை பிறந்தது. பேண்ட் தைக்கும்போது இடுப்பின் பின்தையலில் உள்பக்கம் கொஞ்சம் துணியைக் கூடுதலாக விட்டுத் தைப்போம். பின்னால் தேவைப்பட்டால் பிரித்துப் பெரிதாக்கலாம். மனுஷ வயிற்றின் மீது தையல்காரனுக்கு இருக்கும் அவநம்பிக்கை அது. நான் இளைப்பதைவிடப் பேண்ட்டைப் பெருக்க வைப்பது சுலபம் இல்லையா? ஊருக்கெல்லாம் செய்கிறேன். எனக்கு நானே செய்துகொள்ளக் கூடாதா?

அவள் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்துப் பின்தையலைப் பிரித்தேன். ஒரு விரல் அகலம் பெரிதாக்கித் தைத்து, பறந்த கொக்கியையும் திரும்ப வைத்தேன். நூலைச் சுத்தமாக வெட்டினேன். பேண்ட்டைத் தேய்த்து, பழைய மடிப்பிலேயே மடித்து, பழைய இடத்திலேயே வைத்தேன். மனசுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. அவள் விரல் சுலபமாகப் போனது.

"அட!" என்றாள்.

"எல்லாம் மாத்திரை மகிமை" என்றேன். மாத்திரையைக் காபியோடு சேர்த்துத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன். காபி இல்லாமல் ஒரு மணி நேரம் முழித்துக்கொண்டு உட்கார நான் என்ன சாமியாரா?

"காபியோட போடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரே" என்று அவளும் தினம் சொல்வாள். "அதான் இளைக்கிறேனே" என்று நானும் தினம் சொல்வேன்.

வெற்றியைக் கொண்டாட நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனேன். பக்கத்துக் கடை பேக்கரி. கிரீம் பன் என்றால் அவர் கடைதான். "யார் கேட்டாலும் நான் வரலைன்னு சொல்லணும்" என்று பேக்கரிக்காரரிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு. சாம்பல் பேண்ட்டுக்குள் நுழைந்தேன். கொக்கி எட்டவில்லை!

"என்னங்க, இறுக்கமா இருக்கு?"

"துணி சுருங்கியிருக்கும்."

"துவைக்கவே இல்லையே."

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஒரே வாரத்தில் ஒரு விரல் அகலம் பெருத்துவிட்டேனா? அத்தனை கிரீம் பன்னா தின்றேன்? பேண்ட்டைக் கழற்றி உள்பக்கம் திருப்பினேன். தலை சுற்றியது. கூடுதல் துணி அப்படியே இருந்தது. நான் பிரித்த அடையாளமே இல்லை. அப்படியானால் நான் பிரித்தேனா, இல்லையா?

பிரித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் ஞாபகத்தை எப்படி நம்புவது? மறதி வரும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். பிரித்ததாகக் கனவு கண்டிருப்பேனோ? மதியச் சாப்பாடு முடிந்ததும் கடையின் மூலையில் சாய்ந்து தினமும் ஒரு தூக்கம் போடுகிறவன் நான். இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டேன். அதில் எத்தனையோ கனவுகள் வருகின்றன.

மறுபடி பிரித்தேன். இந்தத் தடவை மறக்கக் கூடாது என்று உள்பக்கம் சாக்குக்கட்டியால் ஒரு கோடும் போட்டேன். சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால் கோடு இல்லை. துணி மறுபடி உள்ளே போயிருந்தது. தையல் முனையில் நூல் வால் மாதிரித் தொங்கியது. ஐயோ, என் கையா இவ்வளவு மோசமாகிவிட்டது! அதோடு, மெஷினில் சாம்பல் நூல் கோத்திருந்தது. நான் கடைசியாகத் தைத்தது வெள்ளைச் சட்டை.

இந்த விஷயத்தில் நான் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பது? வீட்டில் இருக்கும் இன்னொரு ஆள் அவள்தான். "ஏம்மா, உன்னை ஏமாத்துறதுக்காகப் பேண்ட்டைப் பிரிச்சேனா, இல்லையா, நீ பார்த்தியா?" என்று அவளிடமே கேட்க முடியுமா?

பேக்கரிக்காரரிடம் போனேன்.

"நேத்து நான் இங்கே வந்தேனா?"

அவர் திருதிருவென்று முழித்தார். "யார் கேட்டாலும் வரலைன்னு சொல்லச் சொன்னீங்க. இப்ப நீங்களே வந்து கேக்குறீங்க. நான் வந்தீங்கன்னு சொல்றதா, வரலைன்னு சொல்றதா?"

"உண்மையைச் சொல்லுங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேனே. நீங்க வரலை."

"வரலையா?"

"வந்தீங்க. ஆனா வரலை."

குழப்பத்தைத் தீர்க்கப் போனவன் ஒரு கிரீம் பன்னோடு இன்னும் பெரிய குழப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அந்த வாரம்தான் அது நடந்தது. ஒரு வாடிக்கையாளர் சட்டை அளவு கொடுத்தார். டேப்பை மடித்து வைத்தேன். தோள் அளவு என்ன? சுத்தமாக நினைவில் இல்லை. மறுபடி எடுத்தேன். மறுபடி மறந்தேன். மூன்றாம் தடவை டேப்பை நீட்டியபோது அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தொப்பை வைத்துக்கொண்டு தையல்காரனாக இருக்கலாம். அளவு மறக்கிறவன் இருக்க முடியாது. எனக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது. அன்றைக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்து நிஜமாகவே பயந்தேன்.

மனைவியிடம் சொல்லாமல் டாக்டரிடம் ஓடினேன்.

"டாக்டர், எனக்கு மூளை கலங்கிடுச்சு. செஞ்சதைச் செய்யலைன்னு தோணுது. செய்யாததைச் செஞ்சதா தோணுது."

"மாத்திரை எப்படிப் போடுறீங்க?"

"தினமும் தவறாமப் போடுறேன் டாக்டர்."

"எப்படின்னு கேட்டேன்."

"காபியோட."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "காபியோட போட்டா அது உடம்புல சரியா சேராது. அப்புறம் தூக்கம் வராம, மறதி வராம என்ன செய்யும்? முதல்ல இதைச் சரி பண்ணுங்க. அப்புறம் மூளையைப் பார்க்கலாம்."

மறுநாளிலிருந்து நான் வேறு மனுஷன். விடிந்ததும் மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். காபியை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியாமல் தெருவில் நடந்தேன். தெரு முடிந்ததும் அடுத்த தெரு. நான் திரும்பி வரும்போது அவள் காபியோடு வாசலில் நிற்பாள். எங்கே போனீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பேக்கரிப் பக்கம் போகும்போது தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தேன். பேக்கரிக்காரர் கை காட்டினார். நான் வரவில்லை என்று கை காட்டினேன். சாம்பல் பேண்ட்டைத் தொடவே பயந்து, அதன் போக்கிலேயே விட்டுவிட்டேன்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. முதலில் ஸ்வெட்டர் போனது. பிறகு மதியத் தூக்கம் போனது. ஒருநாள் வந்தவருக்குத் தோள், கை, கழுத்து எல்லா அளவையும் எடுத்து, எழுதாமலேயே கடகடவென்று ஒப்பித்தேன். அவர் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார். இதற்கிடையே ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பல் பேண்ட்டின் கொக்கி முதலில் எட்டியது. பிறகு மாட்டியது. பிறகு ஒரு ஞாயிறு, அவள் விரல் போனது. எந்தத் தையலையும் நான் தொடாமலேயே!

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத் தலையாட்டினார். எடை மெஷினில் ஏறினேன். பிடித்துக்கொள்ள அங்கே சுவர் இல்லை. அப்படியும் எடை குறைந்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் குறைந்தது நான்தான், பேண்ட் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவித்தேன். "உன் தம்பியை அங்கேயே இருக்கச் சொல்லு. மறதியும் போச்சு, தொப்பையும் போகுது. எல்லாம் என் மன உறுதி!"

அவள் உள்ளே போய் ஒரு புது நீலப் பேண்ட்டை எடுத்து வந்து நீட்டினாள். "உங்களுக்காக நானே தைச்சேன்."

போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. குனிந்து கால் ஓரத்தைப் பார்த்தபோது அங்கே தையல் முனையில் நூல் வால் மாதிரித் தொங்கியது. எனக்கு எங்கேயோ மணி அடித்தது. அலமாரிக்கு ஓடினேன். சாம்பல் பேண்ட்டைத் திருப்பினேன். அங்கேயும் அதே வால். தெளிந்த கண்ணுக்கு இப்போது தெரிந்தது. அது பல்லால் கடித்த நூல்.

"நீயா?"

"நான்தான்."

"எப்போ?"

"மதியம் தூங்குவீங்களே, அப்போ. பக்கத்துல மெஷின் ஓடினாலும் நீங்கதான் எழுந்திருக்க மாட்டீங்களே."

"அடிப்பாவி! நான் எனக்குப் பைத்தியமே பிடிச்சிடுச்சுன்னு நினைச்சேன்!"

"நீங்க பெடல்ல காலை வெச்சுக்கிட்டே தூங்குனதை நான் பார்த்தேன். ஊசிக்குப் பக்கத்துல விரல். ஓடிவந்து இழுத்தேன், அப்பவும் நீங்க முழிக்கலை. அன்னைக்கு நான் அழுதது உங்களுக்குத் தெரியுமா? காபியோட போடாதீங்கன்னு நான் சொன்னாக் கேக்கலை. டாக்டர் சொன்னாக் கேப்பீங்க. டாக்டர்கிட்ட நீங்களா ஓடணும்னா உங்களுக்குப் பயம் வரவேண்டாமா?"

கோபப்படலாமா, கும்பிடலாமா என்று புரியவில்லை. மறதி போனாலும் குழப்பம் போகாது போலிருக்கிறது. புதுப் பேண்ட்டையாவது தொழில் முறையில் குறை சொல்வோம் என்று கழற்றி உள்பக்கம் திருப்பினேன். பின்தையலைத் தடவினேன். இன்னொரு தடவை தடவினேன்.

"ஏம்மா, உள்ளே துணியே விடலையே? நாளைக்கு இறுக்கினா எப்படிப் பிரிக்கிறது?"

அவள் நூல் வாலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"துணி இனிமே வெளியே வராதுங்க. வயிறுதான் உள்ளே போகணும்."