நூற்றிருபது நாள் நோட்டீஸ்

டகோமா பார்க், மேரிலாந்து
டிசம்பர் 20

அழகையும் அறிவையும் அம்மாவிடமிருந்தும், அவசரபுத்தியை மட்டும் என்னிடமிருந்தும் பெற்ற என் செல்ல மகள் டெஸ்ஸாவுக்கு, அப்பா எல்வுட் பிரூயிட் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதன் காரணம் கீழே வருகிறது. ஜெர்மனியில் குளிர் கடுமை என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஜூலை மாதம் நீ போனில் கேட்ட கேள்விக்கு டிசம்பரில் பதில் எழுதுகிற தகப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "அப்பா, இந்த ஒப்பந்தம் இன்னும் மூணு வருஷம் நிக்குமா? நின்னா வேலைய நீட்டிச்சுக் கையெழுத்துப் போடுறேன், இல்லேன்னா மூட்டையக் கட்டிட்டு வீட்டுக்கு வந்துடுறேன். சட்டம் எழுதுறவர் நீங்கதானே, சொல்லுங்களேன்" என்றாய். நான் "இங்க நல்ல மழைம்மா" என்றேன். அன்றைக்கு ஒரு தூறல்கூட இல்லை. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பொய் சொல்லவும் தெரியல, உண்மை சொல்லவும் தெரியல, இப்படி ஒரு மனுஷன்" என்றாள்.

சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் அலுவலகத்து வழக்கம் உனக்குத் தெரியும். காங்கிரஸ் சபை உறுப்பினர் யார் வந்து கேட்டாலும், எந்தக் கட்சியானாலும், அவர் மனதில் இருப்பதைச் சட்டமாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஒருவர் எழுதச் சொன்னதை இன்னொருவரிடம் மூச்சு விடக் கூடாது. நீ போன் செய்தாயே, அந்த வாரம் என் மேஜைமேல் கிடந்தது உன் ஒப்பந்தமேதான். ஒரு நாள் காலையில் ஓரிகன் மாநிலத்து அம்மையார் ஒருவர் வந்தார் (பெயர் சொல்ல மாட்டேன், ஊர் சொன்னதே அதிகம்). "பிரூயிட், ஒருத்தர் நாட்டு மேல ஒருத்தர் பறந்து பாக்குற அந்த விமான ஒப்பந்தத்துலருந்து ஜனாதிபதி நெனச்ச நேரத்துல வெளிய போயிடக் கூடாது. கதவை நல்லா இறுக்கிப் பூட்டுற மாதிரி எழுதிக் குடுங்க" என்றார். நானும் எழுதினேன். விலக நினைத்தால், விலகல் நோட்டீஸ் கொடுப்பதற்கு நூற்றிருபது நாள் முன்பே இரண்டு அவைகளுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நாட்டின் நன்மைக்கே இது என்று இரண்டு அமைச்சர்கள் கையெழுத்திட வேண்டும், நேச நாடுகளைக் கலந்தாயிற்று என்று உறுதி சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் நான் எழுதிய பிரிவுகளில் இவ்வளவு லட்சணமாக ஒன்று அமைந்ததில்லை. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

அந்தப் பூட்டு ராணுவ மசோதாவில் ஏறி இரண்டாம் நாள், சாப்பாட்டுக்குப் பிறகு ஓக்லஹோமாக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். "யாரோ ஒரு பூட்டு போட்டிருக்காங்களாமே, அதைப் பேத்து எடுக்கணும்யா. சுத்தமா எடுக்கணும். யார் எழுதினதோ தெரியல, கெட்டிக்காரப் பய!" என்றார். எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. "சரிங்க" என்று குறித்துக்கொண்டேன். மறுநாள் சிற்றுண்டிச்சாலையில் அவரைக்காய் சூப்புக்கு வரிசையில் நிற்கிறேன், முன்னால் அம்மையார், பின்னால் ஓக்லஹோமா. "என்ன பிரூயிட், வேலை அதிகமோ?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். "சூப்புல உப்பு கம்மி" என்றேன். நான் இன்னும் வாங்கவே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தம் நின்றால் நீ அங்கேயே இருப்பாய், ஒப்பந்தம் போனால் நீ வீட்டுக்கு வருவாய். நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். துப்பாக்கி இல்லாத விமானத்தில் நம் ராணுவக்காரர்களும் ரஷ்ய ராணுவக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே இருக்கும் ஏவுகணைக் கிடங்குகளைப் படம் பிடிக்க, நடுவில் நீ இருந்து மொழிபெயர்க்கிறாய். "ஒருத்தரை ஒருத்தர் வேவு பாத்துட்டு, ஒரே டப்பாவுலருந்து வெள்ளரிக்கா ஊறுகா எடுத்துத் திங்கிறோம்பா. இதைவிட நல்ல வேலை எங்க கெடைக்கும்?" என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பை நாலு வருஷமாகப் போனில் மட்டும்தான் கேட்கிறேன். பூட்டை எழுதும்போது உன் சந்தோஷம் கண்ணில் தெரிந்தது. அதைப் பேர்க்கிற கடப்பாரையை எழுதும்போது நீ பெட்டியோடு வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. இரண்டையும் ஒரே சிரத்தையோடு எழுதினேன். இதை நீ நம்ப வேண்டும், ஏனென்றால் அடுத்து நடந்ததைக் கேட்டால் நம்ப மாட்டாய்.

எங்கள் தொழிலில் ஒரு பிரிவை நீக்கச் சொல்லும்போது இத்தனாம் பக்கம், இத்தனாவது வரியிலிருந்து இத்தனாவது வரி வரை என்று சுட்ட வேண்டும். நானும் சுட்டினேன். ஆனால் விவாதத்துக்கு முதல் நாள் மசோதாவை மறுபடி அச்சடித்தார்கள், நடுவில் யாரோ ஒரு விமானதளத்து ஓடுபாதையில் வாத்துகள் தொல்லை தருவது பற்றி இரண்டரைப் பக்கம் நுழைத்துவிட்டார்கள், பின்னால் இருந்ததெல்லாம் தள்ளிப் போய்விட்டது, நான் புது அச்சைச் சரிபார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை! அவைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சும்மா புரட்டியபோதுதான் பார்த்தேன். நான் எழுதிய கடப்பாரை இப்போது குத்தப் போவது உன் ஒப்பந்தத்தை அல்ல, ஓய்வுபெற்ற ராணுவ நாய்களின் பல் வைத்தியத்தை.

பக்கத்தில் பெர்னிஸ் இருந்தாள். இருபது வருஷமாக எனக்கு அடுத்த மேஜை.

"என்ன எல்வுட், மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"நாய்ங்க பல்லு போகப் போகுது பெர்னிஸ்" என்று தாளைக் காட்டினேன்.

அவள் படித்தாள். பிறகு மெதுவாக, "நீ வாயத் தொறக்கலேன்னா யாருக்கும் தெரியாது. நாய்க்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பூட்டு நிக்கும், டெஸ்ஸா வேலையும் நிக்கும். சொன்னேன்னா பூட்டு போயிடும், பொண்ணு வந்துடும். உனக்கு எது வேணும்?" என்றாள்.

"எனக்கு எது வேணும்னு மட்டும் இப்பக் கேக்காத பெர்னிஸ்" என்று எழுந்து ஓடினேன்.

அறுபத்து மூன்று வயதில் ஓடினேன், கண்ணு. அலுவலகம் போய், வரிகளைத் திருத்தி, புதுத் தாள் எடுத்துக்கொண்டு, சுரங்கப் பாதையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஈரத் தரையில் முழங்காலில் விழுந்து, எழுந்து, உறுப்பினர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்த லிப்டில் ஏறிவிட்டேன். உள்ளே ஓரிகன் அம்மையார். "பிரூயிட், ரத்தம் வருதே! கையில என்ன அது?" என்றார். அவர் பூட்டை உடைக்கிற தாளால் முழங்காலைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க, கட்டுப் போடக் காகிதம்" என்றேன். அந்த அம்மாள் தன் கைக்குட்டையை எடுத்து என் முழங்காலில் கட்டிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓக்லஹோமாக்காரர் தாளை வாங்கிப் பார்த்து, "திருத்தத்துக்கே திருத்தமா? ஏன்யா ரத்தக்கறையோட?" என்றார். அவையில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள், ஒருவருக்கும் இல்லை, தாளை மாற்றிக்கொண்டார்கள், ஓட்டு நடந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நாலு ஓட்டு வித்தியாசத்தில் கடப்பாரை தோற்றது. பூட்டு நின்றது.

அன்று சாயங்காலம் அம்மா கட்டை அவிழ்த்து மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, நெசத்தைச் சொல்லுங்க. நேர்மைக்காக ஓடினீங்களா, இல்ல புள்ள வீட்டுக்கு வரட்டும்னு ஓடினீங்களா?" "மெதுவாப் போடு, எரியுது" என்றேன். "நானா இருந்தா இன்னும் வேகமா ஓடியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துக் குப்பியை மூடினாள்.

பிறகு மசோதா மேலவையையும் கடந்து, நேற்று ஜனாதிபதியின் கையெழுத்தும் விழுந்துவிட்டது. இனி வாய் திறக்கலாம் என்பதால் எழுதுகிறேன். ஆகவே டெஸ்ஸா, உன் கேள்விக்குப் பதில்: நிற்கும். நூற்றிருபது நாள் முன்னறிவிப்பு இல்லாமல் யாராலும் அசைக்க முடியாது, நானே பேர்க்கப் பார்த்தும் பெயரவில்லை. தைரியமாகக் கையெழுத்துப் போடு. எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நாங்கள் பழகிவிட்டோம். உன் சந்தோஷம்தான் எங்களுக்குப் பெரிசு, இதை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை.

உடன் வேலை செய்கிற எல்லோருக்கும், ஊறுகாய் டப்பா கொண்டுவரும் அந்த ரஷ்யக் கர்னலுக்கும் என் வணக்கத்தைச் சொல். நீ நீண்ட ஆயுளோடும் கதகதப்பான கால்களோடும் இருக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருடைய ஆசியும்.

உன் அன்புள்ள அப்பா,
எல்வுட்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். இன்று காலை பெர்னிஸ் கூப்பிட்டாள். ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறோம் என்று மேலிடத்தில் மற்ற நாடுகளுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்களாம். நூற்றிருபது நாளா? ஒரு நாள்கூடக் காக்கவில்லை. அந்தப் பிரிவு தங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு வரி எழுதி ஜனாதிபதியின் கையெழுத்தோடு சேர்த்திருக்கிறார்கள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, எங்கேயும் கையெழுத்துப் போடாதே. உன் வேலை போகிறது, நீ அழுவாய், எனக்குத் தெரியும். என் முப்பத்தோரு வருஷத்தின் நல்ல பிரிவு ஒரே நாளில் குப்பைக்குப் போயிற்று, எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பெர்னிஸ் பேசி முடிப்பதற்குள் நான் போனைக் கீழே வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே மாடிக்கு அம்மாவிடம் ஓடி, "நாடீன், நம்ம புள்ள வருது!" என்று கத்திவிட்டேன். மன்னித்துக்கொள்ளம்மா. அம்மா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள், பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ வந்து இறங்கும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள முயற்சி செய்கிறோம். முடியாவிட்டால் கோபித்துக்கொள்ளாதே.