ராக்கெட்டு கண்டக்டரும் டீக்கடையில் உட்கார்ந்த மேஸ்திரியும்

எங்கள் மாரமங்கலம் பஸ்ஸில் போய்வருகிறவர்களைப் போல விண்வெளி விவரம் தெரிந்த கூட்டம் உலகத்திலேயே கிடையாது. மிளகு மூட்டையோடு ஏறும் பெரியவர்கூட, எடையில்லாத இடத்தில் எலும்பு தேயும், தசை சுருங்கும், முகம் உப்பும், கண் மங்கும் என்று கடகடவென்று ஒப்பிப்பார். எல்லாம் எங்கள் கண்டக்டர் செய்த வேலை. சொந்தப் பெயர் அவர் சட்டையில் குத்தியிருந்தது, யாரும் படித்ததில்லை. ஊருக்கே அவர் ராக்கெட்டு.

நான் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் ஏறி, கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட் ஆபீசுக்குக் கிளார்க் வேலைக்குப் போகிறவன். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து தூங்குவது என் பிறப்புரிமை. அதைப் பறித்துக்கொண்டவர் ராக்கெட்டு. டிக்கெட் கொடுத்து முடித்ததும் கம்பியில் சாய்ந்து நின்று ஆரம்பித்துவிடுவார். வளைவில் யாராவது வாந்தி எடுத்தால் எலுமிச்சம்பழம் கொடுப்பதோடு விடமாட்டார். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கும் முதல் சில நாள் இப்படித்தான் குமட்டும் என்று ஆறுதல் வேறு சொல்வார். வாந்தி எடுத்தவருக்கு அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

அவருக்கு உயிரான விஷயம் ஒன்று உண்டு. ஜீனை அடக்கி வைக்கிற மருந்து. அதைப் பற்றிப் போனில் தேடித் தேடிப் படித்துவிட்டு வந்து, ஒரு நாள் பஸ்ஸுக்கே புரிகிற மாதிரி சொன்னார்.

"ஒடம்ப ஒரு எஸ்டேட்டுன்னு வெச்சுக்கங்க. ஜீனு மேனேஜரு. மேல போனா ஒடம்புல பாரம் இல்லீங்களா, ஒடனே மேனேஜரு, எலும்பு எதுக்கு, பிரிச்சுப் போடுன்னு மேஸ்திரிகிட்டச் சொல்லி அனுப்பறாரு. மேஸ்திரி வந்து சொன்னாத்தானுங்க ஆளுக வேல செய்வாங்க? இந்த மருந்து என்ன பண்ணுதுன்னா, மேஸ்திரிய வழியிலயே டீக்கடையில உக்கார வெச்சுருது. மேனேஜரு அங்கயேதான் இருப்பாரு, ஆனா வேல நடக்காது. எலும்பு தப்பிச்சுக்கும்."

பஸ்ஸே தலையாட்டியது. இந்த வகை மருந்து வேறு சில நோய்களுக்கு வந்துவிட்டதாம். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறதாம். இதைச் சொல்லும்போது மட்டும் மனிதர் முகம் தொங்கிப்போகும். ஜீன் கிடக்கட்டும், இந்த ஆள் வாயை அடக்க ஒரு மருந்து வராதா என்று நான் வேண்டாத சாமி இல்லை.

வினை டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது. எங்கள் எஸ்டேட் மேஸ்திரி. ஆட்களுக்கு முன்பே காட்டில் போய் நிற்கிற மனிதர், டீயே குடிக்காதவர். கதை பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஜீனும் எலும்பும் பஸ்ஸிலேயே தங்கிவிட்டன. மேஸ்திரியும் டீக்கடையும் மட்டும் எஸ்டேட் வந்து சேர்ந்தார்கள். காபிக் காட்டில் வேலை செய்யும் பெண்கள், "டீ ஆச்சுங்களா மேஸ்திரி?" என்று விசாரித்தார்கள். மேனேஜரே கூப்பிட்டு, வேலை நேரத்தில் எந்தக் கடையில் உட்காருகிறாய் என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மேஸ்திரி பஸ் ஏறவில்லை. மலைப்பாதையில் நடந்தே வந்தார். பஸ் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி, ராக்கெட்டை நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பி, சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். ராக்கெட்டு வீடு ரோட்டோரம். படி ஏறும்போதே உள்ளே இரண்டு விசில் கேட்டது. அப்புறம் ஒரு விசில். லீவு நாளிலும் மனிதர் வீட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

உள்ளே கட்டிலில் அவர் மனைவி. மழையில் காபிக் காட்டில் சறுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, சேலத்தில் ஆபரேஷன் ஆகி வந்தவர். பாதத்தில் சைக்கிள் டியூப் மாட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் கட்டியிருந்தார்கள். இரண்டு விசில் என்றால் கால் நீள வேண்டும். ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும்.

எங்களைப் பார்த்ததும் ராக்கெட்டு விசிலைக் கீழே வைத்துவிட்டு விவரம் சொன்னார். படுத்தே கிடந்தால் எலும்பும் தசையும் கரைந்துவிடும், இப்போதே எழுந்து நடக்காவிட்டால் அப்புறம் நடக்கவே முடியாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவோ பயத்தில் தரையில் கால் வைக்க மறுத்திருக்கிறார். இதே கஷ்டம் வேறு யாருக்கு வருகிறது என்று தேடியதில்தான் மனிதர் விண்வெளிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அங்கேயும் மிதந்துபோகாமல் உடம்பைப் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு தினமும் ஓடுகிறார்களாம்.

"மருந்து வந்தா மொதல்ல அவங்களுக்கு வரும். ஒரு நாளு நமக்கும் எறங்கி வரும்ங்க" என்றார். "வர்ற வரைக்கும் ரப்பர் டியூப்புதான்."

மேஸ்திரி பேச வந்ததையே மறந்துவிட்டு டியூப் முடிச்சை முறைத்துக்கொண்டிருந்தார். இது நழுவுமுங்க என்று குனிந்து, மிளகுக் கொடி கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

கட்டிலிலிருந்து அந்த அம்மா சொன்னார்: "நீங்களாச்சும் டீக்கடையில உக்காருங்க மேஸ்திரி. என்னய இவரு உக்கார உடமாட்டேங்கறாரு."

மறுநாள் மேஸ்திரி பஸ் ஏறினார். புதிதாக ஏறுகிறவர்களிடம், கதையில் வருகிற மேஸ்திரி நாந்தானுங்க என்று சொல்லவும் ஆரம்பித்தார். மேனேஜரிடம் நான் விளக்கினேன். அவருக்கு ஜீன் புரிந்ததோ இல்லையோ, டீக்கடை சந்தேகம் தீர்ந்தது.

மழை நின்று காபிப் பழம் சிவந்திருந்த ஒரு காலை. ராக்கெட்டு வீட்டு முன்னால் பஸ் நின்றது. மாரமங்கலத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்க, அந்த அம்மா கைத்தடியோடு ரோட்டோரம் நின்றிருந்தார். ராக்கெட்டு இறங்கிக் கை நீட்டினார். "தள்ளுங்க" என்று தடியாலேயே அவரை ஒதுக்கிவிட்டு, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். பஸ்ஸே அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளம்ப இரண்டு விசில் கொடுக்க வேண்டும். ராக்கெட்டு விசிலை உதட்டில் வைத்தார், காற்றுதான் வந்தது. மேஸ்திரி பஸ்ஸின் பக்கத்தைத் தட்டி, "ரைட்டு, போலாம்" என்றார்.

அன்று பிரசங்கம் இல்லை. மனிதர் கம்பியில் சாய்ந்து முன்சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இத்தனை நாள் வேண்டிக்கொண்ட அமைதி. ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

"ஏனுங்க கண்டக்டரே," என்று கூப்பிட்டேன். "அந்த மேஸ்திரி டீக்கடையில உக்காந்தாரே, அப்பறம் என்னாச்சுங்க?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தேன்.