வாசனைப் பல்செட்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு நடந்துவிட்டது. அத்தானைக் கேட்காமல் அவருடைய அச்சில் சோப்பு ஊற்றிவிட்டேன்.

தன் டைரியில் எழுதியதைப் படித்துப் பார்த்த சின்னவள், ‘நடந்துவிட்டது’ என்பதை அடித்து ‘செய்துவிட்டேன்’ என்று மாற்றினாள். ‘சிறு’ என்பதை என்ன செய்வதென்று யோசித்து, அப்படியே விட்டாள்.

சோப்பு செய்யும் மாலை வகுப்பில் வியாழக்கிழமை ஆளுக்கொரு சோப்பு காட்ட வேண்டும். அச்சைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது; வீட்டில் கிடப்பதை வைத்தே ஒப்பேற்ற வேண்டும். பால் அட்டைப் பெட்டியில் ஊற்றினாள். மூலை வழியாக ஒழுகி மேசைக்காலில் போய் உறைந்தது. தயிர்க் கோப்பையில் ஊற்றினாள். சூட்டில் கோப்பை கோணிக்கொண்டு பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தது. பிஸ்கட் பொட்டலத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் ஊற்றினாள். தட்டும் சோப்பும் பிரியமாட்டோம் என்று அடம்பிடித்து இரண்டுமே கிழிந்தன.

அப்போதுதான் அத்தானின் வேலை மேசையில் அந்தச் சிலிக்கான் அச்சு கண்ணில் பட்டது. அத்தான், அக்காவின் கணவர், பல்செட் செய்பவர்; முன்னறைதான் பட்டறை. குடியிருப்போர் சங்கத் தலைவரின் பழைய செட்டை அச்செடுத்து, அதேபோல் புதிது செய்து முடித்திருந்தார். அச்சுக்கு இனி வேலையில்லை.

பல்லுக்கு வெள்ளை, ஈறுக்கு இளஞ்சிவப்பு, கொஞ்சம் ரோஜா வாசனை. உறைந்ததும் அச்சை மடக்கினாள். சோப்பு வழுக்கிக்கொண்டு கையில் விழுந்தது. தலைவருடைய பழைய செட்டின் முன்பல்லில் இருந்த மயிரிழைக் கீறல்கூட அதில் இருந்தது. என்ன கை இந்த அத்தானுக்கு என்று மலைத்துப்போனாள். அவர் செய்த எந்தச் செட்டும் சரியில்லை என்று திரும்பி வந்ததே கிடையாது. வாசல் பலகையில் அவர் எழுதி வைத்திருந்த ஒரே பெருமையும் அதுதான்.

சோப்பை மேசையிலேயே காயவைத்தாள்.

புதன் காலை குளித்துவிட்டு வந்தபோது மேசை காலி.

“அக்கா, இங்க ஒரு செட் இருந்துச்சே?”

“தலைவர் வாங்கிட்டுப் போயிட்டார். உங்க அத்தான் சாமான் வாங்கப் போயிருக்கார்ல, நான்தான் டப்பாவுல போட்டுக் குடுத்தேன்.”

சின்னவள் பாய்ந்துபோய் மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். அத்தான் செய்த அசல் செட் அங்கே சமர்த்தாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் கேட்கலையா?”

“என்னம்மா இப்படி மணக்குதுன்னார். இது புது மாதிரி, பழகிடும், நல்லா தண்ணி குடிங்கன்னு சொல்லி அனுப்பினேன். உங்க அத்தான் வேலையை நானே விட்டுக்குடுப்பேனா?”

சின்னவள் தலைவருக்குப் போன் போட்டாள். அளவெடுக்க வாய் நிறையப் பசையை அப்பியிருந்தபோதே தண்ணீர்த் தொட்டி விவகாரம் பேசியவர் அவர். அத்தான் மறுபடி மறுபடி அளவெடுக்க வேண்டியதாயிற்று. இவள் “ஐயா, அந்தப் பல்லு...” என்பதற்குள், இன்று பொதுக்கூட்டம் என்றும், பழைய செட்டைக் குப்பையில் போட்டாயிற்று என்றும், புதியதை மேடையில்தான் மாட்டப்போவதாகவும், அவளும் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொல்லி வைத்துவிட்டார்.

அசல் செட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். தலைவர் மேடை ஏறி, செட்டையும் மாட்டியிருந்தார். கடைசி வரிசையில் நின்று தன் பல்லைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையையும் ஆட்டினாள். பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்ட தலைவர், மண்டபம் முழுவதற்கும் ஈறு தெரியச் சிரித்தார். சிலர் கை தட்டினார்கள். அந்த உற்சாகத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டு, “அன்பார்ந்த” என்றார்.

உதட்டோரம் ஒரு குமிழி எட்டிப் பார்த்தது.

“குடியிருப்போரே” என்றதும் அதன் உறவுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். தலைவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்து, ஜனங்கள் நம்ப முடியாமல் வீட்டுக்குப் போனார்கள்.

மாலை அத்தானிடம் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். அவர் திட்டவில்லை. வாசல் பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். திட்டியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

பிறகு, “அந்தக் கீறல் விழுந்துச்சா?” என்று கேட்டார்.

“விழுந்துச்சு அத்தான்.”

“வெள்ளை, ஈறுல கலக்கலையே?”

“துளி கூட இல்ல.”

“ம்,” என்றார். மீசைக்குள் ஏதோ அசைந்தது.

வாசல் மணி அடித்தது. கைக்குட்டையும் வாயுமாகத் தலைவர் நின்றார். பின்னால் அவருடைய மனைவி. அந்த அம்மாளின் குரலை இந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு செட் திரும்பி வந்தேவிட்டது. அத்தான் எழுந்து, மன்னிப்புக் கேட்டு, அசல் செட்டை நீட்டினார். தலைவர் ஆவலாகக் கை நீட்டினார். அதற்குள் அந்த அம்மாள் அதை வாங்கித் தன் கைப்பையில் போட்டு, மூடி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“கல்யாணமானதுலேர்ந்து சொல்லணும்னு நினைச்சதையெல்லாம் இன்னிக்குத்தான் சொல்லி முடிச்சேன்,” என்றார். “குறுக்க ஒரு வார்த்தை வரல. அந்த வாசனை செட்டுலயே இன்னும் ஆறு குடுங்க.”

மார்ச் 12, புதன். பலகையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நாளைய வேலை: அத்தானைக் கேட்டு அச்சை எடுப்பது. அந்த அம்மாவுக்கு ஆறு, வகுப்புக்கு ஒன்று ஊற்றுவது.