தவழும் மதாமும் பல்கணிக் கம்பியும்

இந்த மொன்றியல் பட்டணத்தில், நாலு காலில் நின்று பார்க்காத வீட்டை நல்ல வீடென்று சொல்லக் கூடாது என்று சத்தியம் பண்ணியிருந்த ஒரேயொரு உத்தியோகப் பொம்பிளை தவழும் மதாம்தான். பெற்ற தாய் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். அது மூக்கால் சொல்ல வேண்டிய பிரெஞ்சுப் பேர், என் வாய்க்குள் அடங்கவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பிள்ளை பார்க்கிற தமிழ்ப் பெண்டுகள் எல்லாருக்கும் அவா தவழும் மதாம்.

ஆளைக் கண்டால் தவழுகிற ஆள் என்று சொல்ல மாட்டீர்கள். வாசலை நிறைக்கிற உடம்பு. பஞ்சு போல வெள்ளைத் தலைமயிர். கழுத்தில் கொட்டைப் பாக்களவு மணி கோத்த மாலை. என் வீட்டுப் படியேறி வந்து "போன்ஜூர்" என்றால் குசினிக்குள் கோப்பைகள் திரும்பிச் சொல்லும்.

ரெண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருசம் போன நேரம் அது. நான் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு வசந்தி லாசாலில் பெட்டி மடிக்கிற கொம்பனியில் வேலை. அவளுடைய மகன்தான் என் முதல் பிள்ளை. பிறகு ஒன்றைக் கண்டு ஒன்று வந்து சேர்ந்து ஆறாகிவிட்டன. ஆனால் பதிந்த வீட்டில் பிள்ளையை விட்டால்தான் அரசாங்கம் செலவில் பங்கு போடுமாம். பதியாமல் இருந்தால் தாய்மார் ஒவ்வொருத்தியாய்க் கழன்று விடுவார்கள். எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. ஊரில் காணி என் மனுசன் இவர் பேரில், இங்கே வீட்டு வாடகைச் சீட்டும் இவர் பேரில். என் பேரில் இருந்தது என் பல் மட்டும்தான். அதிலும் பாதி கட்டினது. என் பேரில் ஒரு பதிவு வந்தால் என்ன என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, பிள்ளை பார்க்கும் வீடுகளைப் பதிகிற ஏஜென்சியும் எங்கள் பகுதி நகரசபையும் கூட்டுச் சேர்ந்தன. பிள்ளைகளை வடிவாய்ப் பார்க்கிறோமா என்று ஏஜென்சி பார்க்கும். கட்டடம் எப்படி என்று நகரசபை பார்க்கும். ரெண்டு பகுதியும் ஓம் என்றால்தான் பதிவு. வசந்தி இதை விளங்கப்படுத்தினாள்.

"எடியே, இது கலியாணமெல்லோ!" என்றேன். "பொம்பிளை வீடும் மாப்பிளை வீடும் சம்மதிக்க வேணும்."

"ஓம் மாமி. ஆனா இதில முதல் ரெண்டு வீட்டாரும் தங்களுக்குள்ள சண்டை பிடிச்சுப் போட்டுத்தான் உங்களிட்ட வருவினம்."

வீடு பார்க்க ஏஜென்சியிலிருந்து மதாம் வருகிறா என்ற அன்று நான் விடியவே எழும்பினேன். தரை தேய்த்தேன். சோபாவுக்குப் புது உறை போட்டேன். வடை சுட்டேன். கடைசியாய், பிள்ளைகள் எல்லாரையும் இவரோடு பூங்காவுக்குத் துரத்தி விட்டேன். ஆட்கள் வீடு பார்க்க வரும்போது எந்த யாழ்ப்பாணத்துப் பொம்பிளை பிள்ளைகளை நடுவீட்டில் விட்டு வைப்பாள்?

மதாம் வந்தா. சுற்றிப் பார்த்தா. மொழிபெயர்க்க லீவு போட்டு நின்ற வசந்தியிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டா.

"மாமி, பிள்ளையள் எங்கை எண்டு கேக்கிறா."

"வீடு துப்புரவாயிருக்கட்டும் எண்டு அனுப்பிப் போட்டன் எண்டு சொல்லு."

வசந்தி சொன்னாள். மதாம் பெருமூச்சு விட்டா. பிறகு சப்பாத்தைக் கழற்றினா, மாலையைக் கழற்றி மேசையில் வைத்தா, கையை நிலத்தில் ஊன்றினா. அப்படியே நாலு காலில் என் வீட்டு நடைவழியால் தவழத் தொடங்கினா.

எனக்கு உயிர் ஒருமுறை வெளியே போய்விட்டு வந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற பெரிய மனுசி என் வீட்டுத் தரையில்! அவா போன திக்கைப் பார்த்தேன். நடை முடிகிற இடத்தில் என் மாதா சுரூபம், முன்னால் மெழுகுதிரி. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் மலைமேல் கோயில் படியை முழங்காலில் ஏறுகிற வெள்ளைக்காரரை நான் என் கண்ணால் கண்டவள். பாவம், மனுசிக்கு ஏதோ பெரிய நேர்த்தி.

"முழங்கால் போடடி, வசந்தி!" என்று அவளை இழுத்து விழுத்தி, நானும் விழுந்து, உரத்த குரலில் செபமாலையைத் தொடங்கினேன்.

மதாம் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தா. தவழ்ந்தா. மாதாவையும் தாண்டினா. மேசைக்குக் கீழே போனா. எந்த நேர்த்திக்காரி மேசைக்குக் கீழே போவாள்?

அந்தப் பதற்றத்தில் கதவு திறந்தது. இவர் பிள்ளைகளோடு நின்றார். நிலத்தில் மூன்று பொம்பிளைகள். ஒருத்தி மேசைக்கடியில்.

"இஞ்சேர், என்ன துலைஞ்சு போச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் அந்த மனுசனும் குனிந்து தேடத் தொடங்கினார். பிள்ளைகளுக்குத் திருவிழா. எல்லாம் பொத்தென்று விழுந்து மதாமுக்குப் பின்னால் தவழ்ந்தன. வசந்தியின் மகன் அவாவின் முதுகில் ஏறிக் குதிரை விட்டான். மதாம் கனைத்துக் காட்டினா.

சோபாவுக்குக் கீழிருந்து வெளியே வந்தபோது அவாவின் உள்ளங்கையில் ஒரு துருப்பிடித்த ஊசியும் இவருடைய பிரஷர் மருந்துக் குளிசை ஒன்றும் இருந்தன. எனக்கு முகம் எரிந்தது.

"விடியவே எழும்பிக் கூட்டினனான் எண்டு சொல்லடி!"

மதாம் சொன்னதை வசந்தி பயந்து பயந்து சொன்னாள்: "பிள்ளையள் தவழுற வீட்டை நிண்டு கூட்டினியளாம், மாமி."

அடுத்த முறை அவா நகரசபை அனுப்பின ஒரு தம்பியோடு வந்தா. கழுத்துப்பட்டி, மெல்லிய மீசை, கையில் அளவு நாடா. சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்று நின்றான். மதாம் அவனுடைய காலைப் பார்த்துக்கொண்டே நின்றா. கழற்றினான். ஒரு காலுறையில் ஓட்டை. பாவம்.

கதவு நிலையை அளந்தான், சன்னலை அளந்தான், பின்பக்கத்துப் பல்கணிக் கம்பி எவ்வளவு உயரம் என்று அளந்தான். எல்லாம் சரியாம். நான் வசந்தியின் கையைப் பிடித்தேன். மாப்பிளை வீடு சம்மதம்! தேத்தண்ணி ஊற்றலாம் என்று திரும்பினால், மதாம் மறுபடியும் நாலு காலில்.

பல்கணிக் கம்பியைச் சுற்றி நான் ஒரு பழைய சீலை கட்டியிருந்தேன். கீழே ஒரு கம்பி வளைந்து இடைவெளி விட்டிருந்தது. லவாலில் இருந்து வாடகை வாங்குகிற வீட்டுக்காரனிடம் எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. நாளைக்கு நாளைக்கு என்பான். மதாம் சீலையைத் தூக்கினா. இடைவெளியைப் பார்த்தா. தம்பி சொன்னது சரியா என்று பார்க்கத் தன் தலையையே உள்ளே விட்டா.

தலை போனது. திரும்பி வரவில்லை.

"ஐயோ மாதாவே!" என்று நான் கத்தினது ஜான்-டலோன் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். தம்பி வெளிறிப் போனான். பிறகு நாடாவைச் சுருட்டிக்கொண்டு மளமளவென்று கதைத்தான். வசந்தியின் முகம் விழுந்துவிட்டது.

"என்னவாமடி?"

"பதிய ஏலாதாம் மாமி. வீடு சரியில்லையாம்."

நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த சம்பந்தத்தை இந்த மனுசி தன் தலையாலேயே குழப்பி விட்டாளே!

அப்போது கம்பிக்கு வெளியேயிருந்து மதாமின் குரல் வந்தது. ஏச்சு விழுந்தது தம்பிக்கு. ஆனால் முகம் இருந்தது பின்சந்துப் பக்கம். அங்கே உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்த கிரேக்கக் கிழவர், தன்னைத்தான் ஏசுகிறா என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"வீட்டில பிழை இல்லையாம், கம்பியிலதான் பிழையாம்," என்று வசந்தி சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் ஏறியது. "வீட்டுக்காரனுக்குக் கட்டளை போடத் தனக்கு அதிகாரம் இல்லையாம், நகரசபைக்காரருக்குத்தான் இருக்காம். அதுக்குத்தானே ரெண்டு கந்தோரும் கூட்டுச் சேந்ததாம். இல்லாட்டி இந்தத் தடியனை என்னத்துக்குக் கூட்டிக்கொண்டு திரியிறன் எண்டு கேக்கிறா."

"தடியன் எண்டும் சொன்னவாவோ?"

"அது நான் சேத்தது."

கடிதம் போடலாம், மேலதிகாரியைக் கேட்க வேணும், நாள் எடுக்கும் என்று தம்பி இழுத்தான். நான் இதற்குள் நல்லெண்ணெய்ப் போத்தலோடு ஓடி வந்தேன். காதோரம் ஊற்றப் போனால், அவா என்னையும் மதாமாக்கித் தடுத்தா: "நோ, நோ, மதாம்!"

"வேண்டாமாம் மாமி. வீட்டுக்காரனுக்கு இப்பவே போன் எடுக்கட்டாம். அதுவரைக்கும் தலையை வெளியில எடுக்க மாட்டாவாம்."

இப்படி ஒரு சத்தியாக்கிரகத்தை நான் கேள்விப்பட்டதும் இல்லை. உடம்பு என் பல்கணியில், தலை மொன்றியல் மாநகரத்தில். இலை உதிர்கிற காலம், காற்று வேறு ஊசியாய்க் குத்துகிறது. கிரேக்கக் கிழவர் வீட்டுக்குள் போய் மனுசியையும் கூட்டி வந்தார். பிள்ளைகள் வரிசையில் இருந்து மதாமின் உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தன. அவா சிரிக்க, பல்கணி முழுவதும் ஆடியது. தம்பி வேறு வழியில்லாமல் போனை எடுத்தான். நகரசபை என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரன் மறுமுனையில் வீரிட்டது எனக்கே கேட்டது. நாளை என்று வருசக்கணக்காய்ச் சொன்னவன், அன்று பின்னேரமே இரும்பு ஒட்டுக்காரனோடு வருகிறேன் என்றான்.

"பதிவு?" என்று மதாம் பின்சந்துப் பக்கம் பார்த்தபடி கேட்டா.

கம்பி சரியானால் பதிவும் சரி என்றான் தம்பி.

பிறகுதான் எண்ணெய் ஊற்ற விட்டா. நான் காதுகளை மடித்துப் பிடிக்க, வசந்தி இடுப்பைப் பிடித்து இழுக்க, இவர் தள்ளி நின்று "முக்கு, முக்கு" என்று சொல்ல, பிள்ளைப்பேறு பார்த்த மாதிரித்தான். வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தா. கன்னத்தால் எண்ணெய் வடிந்தது.

குளியலறையில் சின்ன ஸ்டூலில் இருத்தித் தலை முழுக வார்த்தேன். கண்ணை மூடு என்று தமிழில் சொன்னேன், மூடினா. பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால், தலையில் துவாயோடு அவாவும் வந்து சின்னக் கதிரையில் குந்தினா. பருப்புச் சோற்றைக் கரண்டியால் அள்ளி மூக்கு நுனி வரைக்கும் பூசிக்கொண்டே, விரலை ஆட்டி என்னிடம் சட்டம் பேசினா.

"ஆறு பிள்ளைதானாம், மாமி," வசந்தி சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னாள். "ஏழாவதா ஒண்டைக் கண்டா வீட்டைப் பூட்டிப் போடுவாவாம்."

நான் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே, அந்த ஏழாவதின் வாயைத் துடைத்து விட்டேன்.